பத்துப் பிரதிகள்

அச்சு இயந்திரம் ஒவ்வொரு தாளாகத் துப்புவதை ஈரய்யா காதால் எண்ணிக்கொண்டிருந்தார்.

எத்தனை பிரதி என்று கணினி கேட்டபோது பத்து என்று அடித்திருந்தார். அவர் வேலை பார்க்கும் தார்வாட் கல்லூரி அலுவலகத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொன்று. ஒன்று வீட்டுக்கு.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர். திரையில் உள்ளதை அவருக்குப் படித்துச் சொல்வது, கணினிக்குள் இருக்கும் ஒரு தட்டையான குரல். இசை விழாக் குழுவின் இணையப் பக்கத்தைக் காலையிலிருந்து அந்தக் குரலில் திரும்பத் திரும்பக் கேட்டாயிற்று. சனிக்கிழமை, மாலை ஏழு மணி, வாய்ப்பாட்டு, ஈரய்யா ஹிரேமட். அதையடுத்து ஒரு புனேக்காரரின் பெயர்.

ஒரே மாலையில் இரண்டு கச்சேரி, உள்ளூர்க்காரனை முதலில் பாடவிடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த விழா மேடைக்குக் கீழே ஜமக்காளத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. போன மாதம் குழுவிலிருந்து ஒருவர் போன் செய்து, பெயரைப் போடலாமா என்று கேட்டதிலிருந்து சரியான தூக்கம் இல்லை.

இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலி மடிவாளப்பாவுடையது. கோயில், கல்யாணம் என்று ஈரய்யா எங்கே பாடினாலும் ஆர்மோனியம் அவர்தான்.

"லே மடிவாளா, ஒண்ணை எடுத்துப் படிடா. சத்தமா படி, எல்லாருக்கும் கேக்கட்டும்."

தாள் சரசரத்தது. மடிவாளப்பா படிக்கவில்லை.

எழுந்து வந்து, காதோடு சொன்னார். "இதை இப்ப யாருக்கும் குடுக்க வேணாம் ஈரா. சாயங்காலம் நாம ரெண்டு பேரும் போய் அந்தக் குழுக்காரங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுவோம்."

"என்னன்னு கேக்கறது? உன் பேரை ஏன் போடலேன்னா?"

யாரோ சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு ஈரய்யாவுக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது.

"பெட்டியை அமுக்கறவன் பேரையெல்லாம் போட ஆரம்பிச்சா தாள் பத்தாதுடா!"

அலுவலகமே சிரித்தது. தாள்களை வாரும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டி, படியிறங்கிப் போயிற்று.

அவர் போன பிறகு இயந்திரம் கடைசித் தாளைத் துப்பிவிட்டு நின்றது.

ஈரய்யா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டே போய்த் தட்டில் கைவிட்டார். அந்த ஒன்றுதான் இருந்தது. மற்ற எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டான். கூடவே உட்கார்ந்து வாசித்தவனுக்கு இவ்வளவு வயிற்றெரிச்சலா?

அதை எதிர்மேஜைக் கஸ்தூரக்காவிடம் நீட்டினார்.

"ஐயோ, இன்னைக்குன்னு பார்த்துக் கண்ணாடியை வீட்டுல விட்டுட்டு வந்துட்டேனே. எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் பெரிய எழுத்தா எடுத்துக் குடுங்கண்ணா. அது சரி, பேடா எங்கே?"

"பேடாவுக்குச் சொல்லியனுப்பியாச்சு."

சிரித்துக்கொண்டே கணினிக்குத் திரும்பினார். எழுத்து இப்போது என்ன அளவில் இருக்கிறது என்று தெரிந்தால் பெரிதாக்கலாம். குரல் வாசிக்கும்போது சொல்லை மட்டும்தான் சொல்லும். எழுத்து எப்படி இருக்கிறது என்பதைத் தனியாகக் கேட்டால்தான் சொல்லும். காலையிலிருந்து அவர் அதைக் கேட்கவில்லை.

தன் பெயரில் வந்து நின்று, அதைக் கேட்கும் விசையை அழுத்தினார்.

அளவு பன்னிரண்டு. நிறம் கறுப்பு. குறுக்கே கோடிட்டு அடிக்கப்பட்டது.

மறுபடி அழுத்தினார். அதையே சொன்னது, அதே குரலில்.

ஒரு வரி இறங்கி, புனேக்காரரின் பெயரில் நின்று கேட்டார். அளவு பன்னிரண்டு. நிறம் கறுப்பு. அதோடு நிறுத்திக்கொண்டது.

ஈரய்யா விசையிலிருந்து கையை எடுத்தார். படியிறங்கிப் போன செருப்புச் சத்தத்தை வாசல் பக்கம் தேடினார். வெளியே ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன.

பின்னால் கஸ்தூரக்கா பக்கத்து மேஜையில் யாரிடமோ கண்ணாடி இரவல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மடிவாளப்பாவின் கைக்குத் தப்பிய ஒரே தாள் அவளிடம் இருந்தது.