மிஞ்சிய ஏழை

கார்த்தேஜ் நகரத்தில் கொள்ளைநோய் ஒரு வீட்டையும் விடவில்லை. காய்ச்சலில் கொதித்துப் படுக்கையில் கிடந்த பணக்காரி விபியா, தன் நகைப்பெட்டியைக் கைம்பெண் நோவெல்லாவின் மடியில் தள்ளினாள்.

"வாங்கிக்க, தாயி! பணக்காரிக்குப் பரலோகக் கதவு தானா திறக்காதாம். தர்மம் வாங்கின ஏழை ஜெபம் பண்ணணுமாம். நம்ம சபையில மிஞ்சின ஏழை நீ ஒருத்திதான்."

"வேணாம்மா."

"போதலையா? இந்த வீட்டையும் எடுத்துக்க. நெருப்புல வேகப் போறேண்டி!" விபியா அவள் கையைப் பிடித்துக் கதறினாள்.

நோவெல்லாவின் கையும் கொதித்தது.

நோவெல்லா உடைந்து அழுதாள். "இந்தத் தெருவுல செத்தவங்க எல்லாரும் சொத்தை என் தலையிலதான் கட்டிட்டுப் போனாங்க. இப்ப உங்களைவிட நான் பெரிய பணக்காரிம்மா. காலையிலேர்ந்து எனக்கும் காய்ச்சல். எனக்கு ஜெபம் பண்ண எந்த ஏழை இருக்கா?"