கால்வாயில் விழுந்த கைப்பிடி

நாங்கள் குடியிருக்கும் படகு ஏழடி அகலம். என் மனைவி பெரிலின் அக்கா முரியல் ஏறிவிட்டால் மூன்றடியாகச் சுருங்கிவிடும். போன வருடம் ஒரு வாரம்தான் தங்கினாள். வாத்துகளே வேறு கால்வாய்க்குக் குடிபோய்விட்டன.

இன்று மறுபடியும் பெட்டியோடு வந்து, மதகுக்கு அந்தப் பக்கம் காத்திருக்கிறாள். மதகைத் திறக்கும் இரும்புக் கைப்பிடியோ, பாவம், என் கையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. நானும் அதைப் பிடிக்கப் பெரிதாக முயலவில்லை.

“போச்சு பெரில். இனிமே படகு நகராது. அக்காவ ரயிலேத்தி அனுப்பிடு.”

“ஐயோ, ஆசையா வந்திருக்காளே. இரு, சிவப்பு நூல் சுத்தி இன்னொண்ணு வச்சிருந்தேன்.”

பெரில் இழுப்பறைகளைக் கவிழ்த்தாள். தேநீர்க் கெண்டிக்குள்கூடக் கைவிட்டுத் துழாவினாள். கிடைக்கவில்லை. எனக்கு அடித்த யோகத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை.

அதற்குள் பக்கத்துப் படகு டெஸ்மண்ட், கயிற்றில் கட்டிய காந்தத்தோடு வந்து நின்றான்.

“கவலப்படாதீங்க ரெக். டீ கொதிக்கிறதுக்குள்ள எடுத்துத் தர்றேன்.”

முதல் வீச்சில் ஒரு சைக்கிள் சக்கரம் வந்தது. அடுத்ததில் இரண்டு கைப்பிடிகள் ஒட்டிக்கொண்டு வந்தன. ஒன்று நான் நழுவவிட்டது. மற்றதில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

நான் பெரிலைப் பார்த்தேன். அவள் மும்முரமாக மேகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டும் உங்களுதுதான? கெளம்புங்க, அக்கா காத்திருக்காங்க,” என்றான் டெஸ்மண்ட்.

“எங்களுது இல்லியே,” என்றோம் நானும் பெரிலும், ஒரே குரலில்.