பச்சைப் பெயிண்ட் அடித்த மெஷின்

பழைய மெஷின் குடோனில் தகரக் கூரையின் ஓட்டை வழியே வெயில் கம்பியாக இறங்குகிறது. தோல் தைக்கும் இரண்டு கிழட்டு மெஷின்களுக்கு நடுவே அவள் நிற்கிறாள். எண்ணெய்ப் பிசுக்கேறிய கறுப்பு மெஷினின் சக்கரம் ஒற்றை விரலுக்கே வழுக்கிச் சுழல்கிறது. பச்சைப் பெயிண்ட்டில் பளபளக்கும் மற்றதிலோ ஊசித்தண்டு கிழவன் பல்லாக ஆடுகிறது. தடித்த தோலைக் கொடுத்தால் ஊசி ஒடியும். வாசலில் செருப்புச் சத்தம். கொழுந்தன்! அவள் புருஷன் செத்த ஈரம் காயுமுன் பட்டறையைப் பிடுங்கிக்கொண்டவன். அவள் கை பட்டதெல்லாம் அவனுக்கு வேண்டும். கறுப்பிலிருந்து கையை எடுத்து, பச்சையைக் கன்றுக்குட்டிபோல் தடவுகிறாள். “அது எனக்கு, அண்ணி,” என்கிறான், ஓட்டிக்கூடப் பார்க்காமல். “பர்ஸ் தைக்கிற உங்களுக்கு இவ்வளவு பெரிசு எதுக்கு?” “ஐயோ, இதையும் விட்டுவைக்க மாட்டீங்களா, தம்பி?” குரல் தழுதழுக்கிறது. குடோன்காரர் சிரிப்பை இருமலாக மாற்றுகிறார். பச்சை மெஷின் வண்டியேறுகிறது. பட்டறையில் எண்ணெய் விட்டதெல்லாம் அவள்தான்; அதனால் அவளிடமே கேட்கிறான்: “இதுக்கு எவ்வளவு எண்ணெய் விடணும்?” “விட்டுக்கிட்டே இருங்க. உங்களை மாதிரிதான், எவ்வளவு குடிச்சாலும் அடங்காது.” “வயித்தெரிச்சல்!” என்று அவன் வாய்விட்டுச் சிரிக்கிறான். அவளும் மனதாரச் சிரிக்கிறாள்.