வரப்பு மண்

"நாளைக்குக் கோர்ட்டு இருக்கு. நீங்க பொம்மைக்குப் பெயிண்ட் அடிச்சுக்கிட்டிருக்கீங்க!" என்று கமலவல்லி கத்தினாள்.

அவள் கணவர் சாரங்கபாணி நிமிரவில்லை. மேஜைமேல் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டில் அவருக்குப் பித்து. அரை விரல் உயர ரோமானியச் சிப்பாயின் கேடயத்துக்குச் சிவப்பு தீட்டினார். காலடித் தட்டில் பசை தடவி, சலித்த மண்ணைத் தூவினார்.

"அது எங்க எடுத்த மண்ணு?"

"கேஸ்ல இருக்கே, அந்த வரப்பு மண்ணுதான்."

சித்தப்பா மகன் உத்திராபதியோடு அந்த வரப்புக்காகப் பதினோரு வருஷமாக வழக்கு. இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது. யாராவது பேசினால் கமலவல்லி சும்மா விடமாட்டாள்.

மறுநாள் அவர் பையோடு கிளம்பிய பிறகுதான் பார்த்தாள், கேஸ் கட்டு அலமாரியிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் மன்னார்குடி வக்கீல் ஆபீசுக்கு ஓடினாள்.

"வாய்தா வாங்கியாச்சும்மா. உங்க வீட்டு சார் மாடியில இருக்காரு," என்றார் குமாஸ்தா.

மாடியில் ஒரு பெரிய மேஜை. இந்தப் பக்கம் சாரங்கபாணியின் ரோமப் படை. எதிரே யானைப் படையோடு உத்திராபதி. யானைகளின் காலடியிலும் அதே வரப்பு மண்.

"பதினோரு வருஷமா இதுக்குத்தான் வாய்தாவா? கேஸை முடிச்சுத் தொலைக்க வேண்டியதுதானே!"

"முடிச்சுட்டா நாங்க ரெண்டு பேரும் எங்க பாத்துக்கறது, அண்ணி?" என்றான் உத்திராபதி.

கமலவல்லியின் கையிலிருந்த கேஸ் கட்டை வாங்கி, அவன் இரண்டு படைகளுக்கும் நடுவில் வைத்தான்.

"நல்லவேளை கொண்டு வந்தீங்க. மலை இல்லாம தவிச்சுக்கிட்டிருந்தோம்."