அக்கா பார்க்காத புடவை

அக்கா எங்களைப் பார்த்துவிட்டாள்.

தெம்பனிஸ் சமூக மன்றத்தின் அந்தக் கோடியிலிருந்து, கையில் பிரியாணித் தட்டுடன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

வரட்டும்! இந்த முறை எனக்குப் பயமில்லை.

போன வருடம் இதே மாதிரி ஒரு கல்யாணத்தில்தான், என் மனைவி சங்கீதாவை ஏற இறங்கப் பார்த்து, கிறிஸ்துமஸுக்கும் இதைத்தானே கட்டியிருந்தாய் என்று நாலு பேர் முன்னால் கேட்டுவைத்தாள். அதன்பிறகு ஒரு மாதம் வீட்டில் எனக்குச் சாப்பாடு உண்டு, பேச்சு கிடையாது. கேட்டது அக்கா, தண்டனை தம்பிக்கு. என்ன நியாயமோ!

இனி தாங்காது என்றுதான், என் தபால்தலைச் சேகரிப்பைப் பட்டியலிட வீட்டுக் கணினியில் போட்டிருந்த மென்பொருளில் சங்கீதாவின் புடவைகளை ஏற்றினேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். நூற்று நாற்பத்திரண்டு புடவைகள். ஒவ்வொன்றுக்கும் படம், நிறம், எங்கே வாங்கியது, எந்த விசேஷத்துக்குக் கட்டியது, அங்கே யார் யார் வந்திருந்தார்கள் என்று எல்லாம் பதிந்தேன். முதுகு ஒடிந்தது.

'இரவல்' என்றும் ஒரு கட்டம் இருந்தது. புடவைக்கு எதற்கு அதெல்லாம் என்றாள் சங்கீதா. அழித்துவிட்டேன்.

நேற்று அக்காவின் பெயரைத் தட்டினேன். வசந்தகுமாரி. அவள் ஒருமுறைகூடப் பார்க்காத புடவையைக் காட்டு என்றேன்.

குடும்பத்தில் ஒரு விசேஷத்தையும் விடாதவள் அக்கா. ஒரே ஒரு புடவைதான் தேறியது. மயில்கழுத்து நிறப் பட்டு. எங்கே வாங்கியது என்ற இடத்தில் 'ஞாபகமில்லை, தேக்கா கடைத்தெருவாக இருக்கும்' என்று இருந்தது. சங்கீதா சொல்லச் சொல்ல நான் தட்டியதுதான்.

சங்கீதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுக்குத்தாங்க உங்களைக் கட்டிக்கிட்டேன்!"

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் முதல் பாராட்டு.

அக்கா வந்தே விட்டாள். தட்டை என் கையில் திணித்தாள். சங்கீதாவின் முந்தானையைப் பிடித்துத் திருப்பினாள். ஓரத்தில் விரலால் தடவித் தடவி எதையோ தேடினாள்.

கிழிசலை மூடிக் கையால் போட்ட ஒரு சின்னத் தையல். அதைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"எட்டு வருஷமா வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடுறேன் லா! உன்கிட்டயா கொடுத்தேன்?"

சங்கீதா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பிரியாணியைப் பார்த்தேன்.

மென்பொருள் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தப் புடவையை அக்கா எட்டு வருடமாகப் பார்க்கவே இல்லை.