அத்தை இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை

இரண்டு காசும் பட்டப் பக்கமாகவே விழுந்தன.

"இல்லைன்னுட்டாங்க," என்றான் பெங் குவான். குரலில் துக்கமே இல்லை.

படத்துக்குள் அவன் அம்மா, இருந்த காலத்தைப் போலவே, உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். இன்று அவள் திதி. படையல் மேசையில் ஊதுபத்தி பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. சாப்பிட்டு முடித்தாயிற்றா என்று ஒரு பக்கம் காற்றாடிப் பட்டமும் மறு பக்கம் செம்பருத்திப் பூவும் பொறித்த இரண்டு பழைய மலேசிய ஐம்பது சென் காசுகளைப் போட்டு அவளிடம் கேட்க வேண்டும். ஒன்று பட்டமும் ஒன்று செம்பருத்தியுமாக விழுந்தால், ஆம். அதுவரைக்கும் உயிரோடிருக்கிறவர்கள் சோற்றைத் தொடக் கூடாது.

காசு போட்டவள் மருமகள் கியோக் லெங். சமைத்தவளும் அவளே.

மேசை நடுவில் வாட்டிய பன்றி இறைச்சி. அத்தைக்கு அதென்றால் உயிர். தோல் பொன்னிறமாக, கொழுப்பு வெள்ளையாக, சதை சிவப்பாக, அடுக்கடுக்காக இருந்தது.

தோல் சோயாப் பால் ஏடு. கொழுப்பு சேப்பங்கிழங்கு. சதை காளான்.

பக்கத்தில் பழுப்பு அரிசிச் சோறும், எண்ணெய் காட்டாமல் அவித்த கீரையும்.

பெங் குவானின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து அனுப்பியதிலிருந்து இந்த வீட்டில் மத்தியானச் சாப்பாடு இப்படித்தான். அவன் பொறுத்துக்கொண்டான். இந்த ஒரு நாளை நம்பிப் பொறுத்துக்கொண்டான். செத்தவர்களுக்குப் பிடித்ததைத்தான் படைக்க வேண்டும். படைத்ததை இருக்கிறவர்கள் சாப்பிட்டே ஆக வேண்டும். எந்தப் பெண்டாட்டி அதைத் தடுக்க முடியும்?

இவள் காளானால் தடுத்துவிட்டாள்.

"செத்தவங்களையே ஏமாத்துறியே, உனக்குப் பயமாவே இல்லையா?"

"அத்தைக்கும் கொழுப்பு ஜாஸ்தியாத்தான இருந்துச்சு."

"எங்கம்மாவுக்குக் கொழுப்புங்கிறியா?"

"நான் சொல்லல. டாக்டர் சொன்னாரு."

"சண்டைய அப்புறம் போடுங்க, முதல்ல காசப் போடுங்க," என்றாள் சியூ இம், அவன் அக்கா. பட்டர்வொர்த்திலிருந்து காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஃபெர்ரி ஏறி வந்திருந்தாள்.

இந்தத் தடவை இரண்டும் செம்பருத்தி.

"பாத்தியா? அம்மா தொடவே மாட்டேங்கிறாங்க."

"சாப்பிட்டு முடிச்சீங்களான்னுதான கேட்டேன்? இல்லைங்கிறாங்க. இன்னும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. ரசிச்சு."

"எங்கம்மா? கீரைய? ரசிச்சு?"

சியூ இம்முக்கும் சந்தேகம் வந்தது. "அம்மா இவ்ளோ நேரம் எடுத்துக்க மாட்டாங்களே. நாம உக்காருறதுக்குள்ள எந்திரிச்சிடுவாங்க."

"அப்ப பல்லு இருந்துச்சுக்கா."

"பல் செட்ட கூடவே வெச்சுத்தானே அனுப்பினோம்?"

மிளகாய் அரைத்துப் பக்கத்தில் வைத்துக் கேட்டார்கள். இல்லை. சோயாச் சாறு ஊற்றிக் கேட்டார்கள். இல்லை. சியூ இம் தன் கையால் ஒரு துண்டை எடுத்துக் கிண்ணத்தில் வைத்து, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி, "ஆ காட்டுங்கம்மா," என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள்.

இல்லை.

பெங் குவான் ஹெல்மெட்டை எடுத்தான்.

"சந்தை முனைக் கடையில காலையிலயே சொல்லி வெச்சிட்டேன். தோலோட ஒரு கிலோ. அம்மாவுக்காகத்தான். இனிமே இந்த வீட்டுல மத்தியானத்துக்கு அம்மா என்ன சொல்றாங்களோ அதான்."

வார் சரியாக மாட்டவில்லை. அதை மாட்டுவதற்குள்ளேயே அவனுக்கு மூச்சு வாங்கியது. ஒரு கை சுவரைப் பிடித்துக்கொண்டது.

கியோக் லெங் அந்தக் கையைப் பார்த்தாள்.

"இருங்க. கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டுடறேன்."

காசுகளை நெற்றியில் ஒற்றிக்கொண்டு படத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அத்தை, அங்க உங்களுக்குத் தனியா இருக்கும். இவருக்கும் எப்பப் பாரு உங்க நெனப்புதான். கறியப் போட்டு இவரையும் சீக்கிரமா உங்ககிட்ட அனுப்பி வைக்கட்டுமா?"

"ஏய்!"

அதற்குள் காசுகள் கையை விட்டுப் போய்விட்டன.

ஒன்று அவன் காலடியில் விழுந்தது. செம்பருத்தி.

மற்றது உருண்டுகொண்டே போய்ப் படையல் மேசைக்கு அடியில் மறைந்தது.

சியூ இம் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். பெங் குவான் நின்ற இடத்தில் நின்றான்.

கியோக் லெங் மண்டியிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து, உள்ளே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன? என்ன விழுந்திருக்கு?"

"பட்டம். ஆமாங்கிறாங்க."

ஊதுபத்திச் சாம்பல் தானாக உதிர்ந்தது.

"அம்மாவுக்கு எப்பவும் உன் மேலதான்டா பாசம்," என்றாள் அக்கா, கொஞ்சம் பொறாமையோடு.

பெங் குவான் ஹெல்மெட்டைக் கழற்றினான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கிண்ணம் நிறையப் பழுப்புச் சோற்றைப் போட்டு, அதன் மேல் கீரையைக் குவித்துக்கொண்டான்.

"டேய், அம்மா இன்னும் சாப்பிட்டு முடிக்கலையே!"

"சாவகாசமாச் சாப்பிடட்டும்," என்றான் வாய் நிறையக் கீரையோடு. "ரசிச்சு."

கியோக் லெங் இன்னும் மேசைக்கு அடியில்தான் இருந்தாள்.

அங்கே காசு, மேசைக் காலில் லேசாகச் சாய்ந்து, விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. பட்டமும் இல்லை, பூவும் இல்லை.

மூச்சுக்கூட அதன் மேல் படாமல் முகத்தைப் பின்னுக்கு இழுத்தாள்.

"அவசரமே இல்லத்தை," என்றாள், தனக்கே கேட்காத குரலில். "நல்லா யோசிங்க."

எழுந்து, முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்தினாள்.

"ஏன்டி நிறுத்துற? புழுங்குது."

"காத்து வேண்டாம். உடம்புக்கு நல்லது."