ஈரச் சாக்கு

கண்ணாடி ஓட்டு வழியே விழும் வெயில் தரையில் நகர்ந்து நகர்ந்து மூலையிலிருக்கும் பெட்ரோல் டின்னை நெருங்குகிறது. சாரதாமணி எழுந்துபோய் டின்மேல் போர்த்திய சாக்கில் தண்ணீர் தெளிக்கிறாள். பனியன் துணியில் படிந்த மெஷின் எண்ணெய்க் கறையைப் பெட்ரோல் தொட்டுத் துடைப்பது அவள் புருஷன் சென்னிமலையின் தொழில். பெட்ரோல் விலை எகிறத் தொடங்கியதும் வாங்கிச் சேர்த்தான். தளும்ப நிரப்பாமல், மூடியை இறுக்கி, இந்த அறைக்குள் யாரையும் தீக்குச்சி கிழிக்க விடாமல் மாதக்கணக்கில் காத்துவந்தான். முந்தாநாள் இதே அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் உயிரை விட்டுவிட்டான். கொடியில் தொங்கும் அவன் சட்டையில் இன்னும் பெட்ரோல் வாடை. பக்கத்துக் கம்பெனியில் பின்னல் மெஷின் ஓடிக்கொண்டேயிருக்கிறது. மாமியார் குப்பாயி அகல்விளக்கும் தீப்பெட்டியுமாக உள்ளே வருகிறாள். “உசுரு போன எடத்துல வெளக்கு வெக்கோணும், கண்ணு. டின்னைத் தூக்கி வாசல்ல வெச்சுரட்டுமா?” “வேண்டாமுங்க அத்தை. வாசல்ல வெயிலுங்க.” சாரதாமணி சாக்கின் சுருக்கத்தை நீவிவிடுகிறாள். கண்ணில் ஈரமில்லை. “வெளக்க வெளியவே வெச்சுருங்க. உள்ள பத்த வெச்சா அவரு சத்தம் போடுவாருங்க.” குப்பாயி சற்று நேரம் டின்னையே பார்க்கிறாள். பிறகு பாதி திறந்த தீப்பெட்டியை மூடி, மகன் பேச்சைத் தட்டாமல், விளக்கோடு வாசலுக்கு நடக்கிறாள்.